வளரறி மதிப்பெண்ணை மொத்தமாகப் போடாதீர்கள்

ஒவ்வோர் ஆண்டும் எங்கள் நடுநிலைப் பள்ளிக்கு பி.எட். மாணவர்கள் கற்பித்தல் பயிற்சிக்கு வருகிறார்கள். அவ்வப்போது புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களும் வருவார்கள். பாடம் நடத்துவதில் பலர் கெட்டிக்காரர்கள். ஆனால் மதிப்பிடுவது, அதைப் பெற்றோருக்குச் சொல்வது என்று வந்துவிட்டால், நாங்கள் சேர்ந்த புதிதில் செய்த அதே தவறுகளையே செய்கிறார்கள். கூட்டல் பிழை, விடைத்தாளைத் தொலைப்பது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவையெல்லாம் ஒருமுறை பட்டால் தானாகச் சரியாகிவிடும். பட்டாலும் தெரியாத தவறுகள்தான் ஆபத்து.

பருவக் கடைசியில் உட்கார்ந்து வளரறி மதிப்பெண் போடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

2012-13 கல்வியாண்டில் தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தது. நூற்றுக்கு 40 வளரறிக்கு, அதாவது பருவம் நடக்கும்போதே செய்யும் மதிப்பீட்டுக்கு; 60 தொகுத்தறிக்கு, அதாவது பருவக் கடைசித் தேர்வுக்கு. அந்த 40-ல் செயல்பாடுகளுக்கு 20, சிறு தேர்வுகளுக்கு 20. பருவம் முழுக்கப் பிள்ளையைக் கவனித்து, தடுக்கும் இடத்திலேயே கைகொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த 40.

நடப்பது வேறு. பருவத் தேர்வுக்கு முந்தைய வாரம் பதிவேட்டை விரித்து, நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு 38, சுமாருக்கு 35, படிப்பு வராத பிள்ளைக்கு 32 என்று ஒரே மூச்சில் எழுதி முடிப்பது. புதிதாக வந்த ஓர் ஆசிரியர் இரண்டு மூன்று பேனாக்களை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். வெவ்வேறு நாளில் எழுதியதுபோல் தெரிய வேண்டுமாம். அந்தச் சிரத்தையில் பாதி போதும், உண்மையிலேயே வெவ்வேறு நாளில் எழுதிவிடலாம்.

இதில் என்ன நஷ்டம்? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பையன் பருவத் தேர்வில் 60-க்கு 18 வாங்குகிறான். நூற்றுக்கு 30, அதாவது இ1 நிலை, கடைசிக்கு முந்தைய தரம். அவனுக்கு வளரறியில் கண்ணை மூடிக்கொண்டு 36 போட்டால் மொத்தம் 54. அறிக்கையில் சி1 என்று வந்துவிடும். பார்க்கிறவர்களுக்கு நடுத்தரமான பிள்ளை. எட்டாம் வகுப்பு வரை நிறுத்திவைப்பதும் இல்லை. அதனால் அவன் சி1, சி1 என்றே மேலே போய்க்கொண்டிருப்பான். பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் நூறு மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வுக்குத்தான், அங்கே இந்த 36 துணைக்கு வராது. "போன வருஷம் வரைக்கும் நல்லாத்தானே டீச்சர் படிச்சான்?" என்று ஓர் அம்மா என்னிடம் கேட்டிருக்கிறார். வேறு பள்ளியிலிருந்து ஏழாம் வகுப்பில் வந்து சேர்ந்த பையன் அவன். அந்த அம்மா பொய் சொல்லவில்லை, கையில் இருந்த அறிக்கையை நம்பினார். பையனுக்கு மூன்றிலக்கக் கழித்தல் வரவில்லை.

கழித்தலையே எடுத்துக்கொள்வோம். 402-லிருந்து 178-ஐக் கழிக்கச் சொல்கிறீர்கள். விடை 224. ஒரு பிள்ளை 376 என்று எழுதுகிறது. இன்னொன்று 234 என்று எழுதுகிறது. இரண்டுக்கும் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, பூஜ்யம். ஆனால் இரண்டும் ஒரே தவறு இல்லை. 376 எழுதிய பிள்ளை ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறது. கடன் வாங்குவது என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. குச்சிக்கட்டுகளை வைத்து இட மதிப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 234 எழுதிய பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். நூறிலிருந்து வாங்கிய பத்தில் ஒன்றை ஒன்றாம் இடத்துக்குக் கொடுத்துவிட்டு, பத்தாம் இடத்தில் 9 என்று மாற்ற மறந்துவிட்டது. அதற்குப் பத்து நிமிடம் போதும். பருவக் கடைசியில் 35 போடுகிறவருக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படவே படாது.

அப்புறம் என்னதான் செய்வது? நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு தினமும் எல்லோரையும் மதிப்பிட முடியாது, சரிதான். நான் செய்வது இது: வாரத்தில் இரண்டு நாள், வகுப்பு முடியும் முன் அரைத்தாளில் ஒரே ஒரு கணக்கு. தாள்களை மூன்று அடுக்காகப் பிரிக்கிறேன். கணக்கு வந்தவர்கள், பாதி வந்தவர்கள், வராதவர்கள். பாதி வந்தவர்கள் எந்தப் படியில் தடுக்கினார்கள் என்று பதிவேட்டில் இரண்டு வார்த்தை, பக்கத்தில் தேதி. "பூஜ்யத்தில் கடன்" என்று எழுதியிருந்தால் எனக்குப் புரியும். 6/10 என்று எழுதியிருந்தால் அடுத்த வாரம் எனக்கே புரியாது. மறுநாள் அந்தப் பிள்ளைகளோடு கொஞ்ச நேரம். திரும்பச் செய்துகாட்டினால் பழைய மதிப்பெண்ணை அடித்துவிட்டுப் புதியதைப் போடுகிறேன். பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இருந்தால் ஆய்வுக்கு வருகிறவர்கள் கேட்பார்களே என்று பயப்படுவார்கள். கேட்டால் தேதியோடு காட்டுங்கள். அடித்தலே இல்லாத வளரறிப் பதிவேட்டைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வருகிறது.

கடையில் வாங்கிய சார்ட்டுக்குப் பத்து

செயல்பாட்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் அண்ணனுக்கும் அக்காவுக்கும் ஸ்டேஷனரி கடைக்காரருக்கும் சேர்த்துத்தான் மதிப்பெண் போடுகிறீர்கள். காசில்லாத வீட்டுப் பிள்ளை சொந்தக் கையால் வரைந்ததற்கு ஆறு, அச்சடித்த படத்துக்குப் பத்து. இதைவிட அநியாயம் வேறு என்ன இருக்கிறது? வகுப்பறைக்குள், உங்கள் கண் முன்னால் செய்யவையுங்கள்.

மதிப்பெண்ணோடு சேர்த்துக் குறிப்பு எழுதுவது

இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். இஸ்ரேலில் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடத்தி 1988-ல் வெளியிட்டார். சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும். முன்னேறியவர்கள் குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள். இரண்டும் பெற்றவர்களுக்குக் குறிப்பால் பலன் இல்லை. என் வகுப்பிலும் அப்படித்தான். தாள் கைக்கு வந்ததும் எண்ணைப் பார்ப்பார்கள், பக்கத்துப் பிள்ளையின் எண்ணை எட்டிப் பார்ப்பார்கள், மடித்துப் பைக்குள் வைத்துவிடுவார்கள். சிறு தேர்வுத் தாளில் குறிப்பை மட்டும் எழுதிக் கொடுங்கள். மதிப்பெண் உங்கள் பதிவேட்டில் இருக்கட்டும்.

மதிப்பெண்ணை உரக்கப் படித்து விடைத்தாள் கொடுப்பது

வேண்டாம்.

அரும்பு, மொட்டு, மலரைப் பட்டப்பெயர் ஆக்குவது

2022-ல் தமிழ்நாட்டின் தொடக்க வகுப்புகளில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அவர்கள் இருக்கும் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பயிற்சி கொடுக்கிறோம். அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு எந்தப் பயிற்சி என்று முடிவு செய்யத்தான் அந்தப் பிரிவு. "இவன் அரும்பு சார்" என்று பிள்ளையை வைத்துக்கொண்டே சொல்வது கொடுமை. தமிழில் அரும்பாக இருக்கும் பிள்ளை கணக்கில் மலராக இருக்கலாம். ஜூனில் அரும்பில் வைத்த பிள்ளை மார்ச்சிலும் அங்கேயே இருந்தால் முதலில் நம் பயிற்சியைத்தான் பார்க்க வேண்டும்.

சேட்டைக்கு மதிப்பெண் குறைப்பது

சேட்டை வேறு, கணக்கு வேறு.

"இன்னும் நன்றாகப் படிக்க வேண்டும்"

முன்னேற்ற அறிக்கையில் எல்லாப் பிள்ளைக்கும் இதையே எழுதுகிறார்கள். அந்தப் பெற்றோர் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் திட்டுவார்கள், அவ்வளவுதான். இப்போது என்ன வருகிறது, எது வரவில்லை, வீட்டில் என்ன செய்யலாம் என்ற மூன்றும் இருக்கட்டும். "பெருக்கல் நன்றாக வருகிறது. கழித்தலில் பூஜ்யம் வந்தால் தடுமாறுகிறாள். கடைக்குப் போகும்போது மீதிச் சில்லறையை அவளையே கணக்குப் போடச் சொல்லுங்கள்" என்றால் எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் அன்று மாலையே ஏதாவது செய்ய முடியும். அப்படிப்பட்டவர்களுக்கு எழுதியதைப் படித்தும் காட்டுங்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாதீர்கள்.