மலை மாவட்டத்தில் மாணவர் சுகாதார ஆய்வு: ஒப்புதல் பெறுவதும் தரவைக் காப்பதும்

நீலகிரியில் சுகாதார ஆய்வு செய்யும் மருத்துவ, செவிலியர், மருந்தியல், சமூகப்பணி மாணவர்கள் பலர், பெயரை எழுதாமல் விட்டாலே தரவு பாதுகாப்பாகிவிடும் என்ற எண்ணத்தோடு கேள்வித்தாளைத் தயாரிக்கிறார்கள். கோவை போன்ற பெருநகரில் அது ஓரளவு செல்லுபடியாகும். ஆனால் எல்லோரும் எல்லோரையும் அறிந்த படுகர் ஊரான ஹட்டியிலும், சில குடும்பங்களே வாழும் தோடர் குடியிருப்பான மந்திலும் அது செல்லாது. ஆகவே, ஒவ்வொரு கேள்வியை எழுதும்போதும், இதற்கான பதிலைப் பார்க்கும் உள்ளூர்க்காரர் ஆள் யாரென்று சொல்லிவிடுவாரா என்று பார்த்துக்கொள்வதே இங்கு முதல் வேலை.

ஆய்வுத் திட்டத்தைப் பரிசீலித்து ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவின் அனுமதியைத் தரவு திரட்டத் தொடங்கும் முன்பே பெற வேண்டும். தொடங்கிய பிறகு முன்தேதியிட்டுப் பெற முடியாது. மாணவர் ஆய்வுதானே என்ற சலுகையும் கிடையாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்கள் பழங்குடியினரை எளிதில் பாதிப்புக்குள்ளாகக் கூடியவர்களின் பட்டியலில் வைத்திருப்பதால், தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோரிடம் செய்யும் ஆய்வு, வெறும் கேள்வித்தாள் ஆய்வாகவே இருந்தாலும், குழுவின் முழுக்கூட்டத்துக்குப் போகலாம் என்று எதிர்பார்த்தே கால அட்டவணை போட வேண்டும். கழகத்தின் குறுகியகால மாணவர் உதவித்தொகைத் திட்டத்தில் ஆய்வுக்குக் கிடைப்பது இரண்டே மாதங்கள். விண்ணப்பத்தைத் தள்ளிப்போட்டால் அதில் பாதி காத்திருப்பதிலேயே கழிந்துவிடும்.

ஒப்புதல் பெறும் இடத்தில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. பழங்குடி ஊர்களில் உரிய நிர்வாக அதிகாரியின் அனுமதியும் ஊர்த்தலைவரின் இசைவும் தேவை. ஆனால் அவை ஊருக்குள் நுழைவதற்கான அனுமதியே தவிர, தனி ஆளின் ஒப்புதலுக்கு ஈடாகா. தேயிலைத் தோட்டத்திலும் அப்படித்தான். மேலாளர் சரி என்றதால் இலை பறிக்கும் பெண்கள் சரி என்றதாக ஆகாது. இலை எடை போடும் இடத்தில் வரிசையில் நிறுத்தி, மேஸ்திரி பார்த்துக்கொண்டிருக்கக் கையெழுத்து வாங்கினால், மறுக்க நினைப்பவர் எப்படி மறுப்பார்? விடுமுறை நாளில் தொழிலாளர்கள் வாழும் லயன் வீடுகளுக்குப் போய், தனியாகப் பேசி, யோசிக்க ஒரு நாள் அவகாசம் கொடுத்து வாங்குங்கள். யார் மறுத்தார்கள் என்ற விவரம் தோட்ட அலுவலகத்துக்குப் போகவே கூடாது.

மருந்துச் சோதனைக்கு எழுதப்பட்ட நீண்ட தகவல் தாளை அப்படியே நகலெடுத்துத் தமிழாக்கிக் கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அதைப் படித்து முடிப்பவர் எவரும் இருக்க மாட்டார் என்பதே என் எண்ணம். ஒரே பக்கத்தில், என்ன கேட்போம், எவ்வளவு நேரம் ஆகும், இரத்தம் எடுத்தால் எவ்வளவு, எதற்கு, பதில்கள் யார் கையில் இருக்கும், நடுவில் விலகினால் சிகிச்சைக்கோ ரேஷனுக்கோ வேலைக்கோ பாதிப்பு உண்டா என்பவற்றைச் சொன்னால் போதும். படிக்கத் தெரியாதவருக்கு அதை வாய்விட்டு வாசித்து, ஆய்வுக்குத் தொடர்பில்லாத சாட்சி ஒருவர் முன்னிலையில் கைரேகை பெற வேண்டும். படுக மொழியிலோ பணியர் மொழியிலோ விளக்க மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால், அவர் பதில்களையெல்லாம் கேட்கப் போகிறவர் என்பதை மறக்கக் கூடாது. மனநலம், மதுப்பழக்கம், மாதவிடாய் போன்றவற்றைக் கேட்கும் ஆய்வுக்கு வேறு ஊரைச் சேர்ந்தவரை அமர்த்தி, இரகசியம் காப்பதாக அவரிடமும் எழுதி வாங்குங்கள்.

பள்ளி மாணவர்களிடம் செய்யும் ஆய்வில் பெற்றோரின் ஒப்புதலோடு குழந்தையின் இசைவும் வேண்டும்: ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வரை வாய்மொழியாகவும், அதற்கு மேல் பதினெட்டு வரை எழுத்திலும். உண்டு உறைவிடப் பள்ளிகளில் பெற்றோர் தொலைவில் இருக்கிறார்கள் என்பதற்காக விடுதிக் காப்பாளரைக் கையெழுத்திடச் செய்யாதீர்கள்.

இரத்த மாதிரியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இந்தியாவில் அரிவாள் செல் பண்பு (சிவப்பணுக்கள் அரிவாள் வடிவம் பெறும் பரம்பரை நோயின் மரபணுவைச் சுமக்கும் நிலை) முதன்முதலாக 1952-இல் பதிவானது நீலகிரிப் பகுதிப் பழங்குடியினரிடம்தான். இன்றுவரை இங்குள்ள இரத்தம் ஆய்வாளர்களை ஈர்க்கிறது. இரத்தசோகைக்காக எடுத்த மாதிரி மிஞ்சினால் அதில் அரிவாள் செல்லையும் பார்த்துவிடலாமே என்று தோன்றும். ஒப்புதலில் எழுதாத எதையும் பார்க்கக் கூடாது. அமெரிக்காவில் ஹவசுப்பாய் பழங்குடியினரிடம் சர்க்கரை நோய் ஆய்வு என்று சொல்லி 1990-இல் எடுக்கத் தொடங்கிய இரத்தத்தை அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் மனச்சிதைவு, இடப்பெயர்வு ஆய்வுகளுக்கும் பயன்படுத்தினர். வழக்கு 2010-இல் 7 லட்சம் டாலர் இழப்பீட்டோடும் மாதிரிகளைத் திருப்பிக் கொடுப்பதோடும் முடிந்தது. நம் மலையில் அரிவாள் செல் கடத்தி என்ற ஒரு சொல் வெளியே கசிந்தால், நோயே இல்லாத ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சு நின்றுவிடக்கூடும்.

இனி எக்ஸெல் தாளுக்கு வருவோம். "பெண், 52 வயது, அங்கன்வாடிப் பணியாளர், விதவை, 9 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்" என்ற வரியில் பெயர் இல்லை. ஊரின் பெயர் மட்டும் பக்கத்துக் கட்டத்தில் இருக்கிறது. அந்த ஊருக்கு ஒரே அங்கன்வாடிதான். இந்த வரியை, 50 முதல் 59 வயது, அரசுப் பணி, கோத்தகிரி வட்டம் என்று மாற்றி, திருமண நிலை ஆய்வுக்குத் தேவையில்லை எனில் கேட்காமலே விட்டால் ஆள் மறைவார். கோத்தர்கள் ஏழு ஊர்களில் மட்டுமே வாழ்வதால், அவர்களைப் பற்றிய அட்டவணையில் ஊர்வாரியாகப் பிரிப்பதையே தவிர்ப்பது நல்லது. எந்த அட்டவணையிலும் ஒரு கட்டத்தில் ஐந்து பேருக்குக் குறைவாக வந்தால் பக்கத்துப் பிரிவோடு சேர்த்துவிடுங்கள்.

அதற்காக, யார் யாரென்றே தெரியாதபடி திரட்டுவதும் சரியன்று. கர்ப்பிணியல்லாத ஒரு பெண்ணின் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 8 கிராமுக்குக் கீழே இருந்தால் அது கடுமையான இரத்தசோகை. அதை அவரிடம் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பியாக வேண்டும். ஆகவே பெயரையும் குறியீட்டு எண்ணையும் இணைக்கும் பட்டியல் ஒன்று வேண்டும். அது பதில்கள் இருக்கும் கணினியில் இல்லாமல், வழிகாட்டிப் பேராசிரியரின் பூட்டிய அலமாரியில் தாளாக இருக்கட்டும்.

கூகுள் படிவத்தில் மின்னஞ்சல் முகவரி சேகரிக்கும் வசதியை அணைத்துவிட்டு, இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம் என்ற அனுமதியையும் நீக்குங்கள். நிரப்பிய படிவத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கம் அறவே வேண்டாம். அந்தப் படம் குழுவிலுள்ள ஒவ்வொருவர் கைபேசியிலும் தங்கிவிடும்.

2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆராய்ச்சிக்கு விலக்கு இருக்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. அந்தத் தரவைக் கொண்டு குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி முடிவெடுக்காமலும், வகுக்கப்பட்ட தரநிலைகளைப் பின்பற்றியும் செய்தால்தான் அந்த விலக்கு பொருந்தும். நெறிமுறைக் குழுவிடம் கொடுத்த உறுதியை அது நீக்காது.

ஆய்வு முடிந்ததும் முடிவுகளை அந்த ஊருக்கே போய்த் தமிழில் சொல்லிவிட்டு, கைபேசி, பென்டிரைவ், மின்னஞ்சல் ஆகியவற்றில் கிடக்கும் நகல்களையும், குழு அனுமதித்த காலம் முடிந்தபின் இணைப்புப் பட்டியலையும் அழித்து, அழித்த தேதியைக் குழுவுக்கு எழுதித் தெரிவியுங்கள். ஆய்வேட்டை பைண்டிங் செய்யக் கொடுக்கும் முன் பின்னிணைப்பை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மாதிரிக்கு என்று கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் நகலைச் சேர்த்திருந்தால், அதை எடுத்துவிட்டு வெற்றுப் படிவத்தை வையுங்கள்.