கடைவீதியைத் தோண்ட வருகிறார்களா? கடைக்காரர்கள் முதலில் செய்ய வேண்டியவை

எங்கள் ஊர்க் கடைவீதியில் மழைநீர் வடிகால், நடைபாதை என்று புதுப்பிக்கும் வேலை தொடங்கியபோது தீபாவளிக்கு முப்பத்தைந்து நாள்தான் இருந்தது. என் பாத்திரக்கடை வாசலில் இருந்து இரண்டடி தள்ளிப் பள்ளம், அதன்மேல் ஒரே ஒரு சென்ட்ரிங் பலகை. மகளுக்குச் சீர்ப் பாத்திரம் எடுக்க வந்த ஒரு அம்மா பலகையில் ஒரு கால் வைத்துப் பார்த்தார். பலகை ஆடியது. வந்த ஆட்டோவிலேயே திரும்ப ஏறிப் போய்விட்டார். அதற்கு முந்தைய ஆறு மாதமும் நாங்கள் "திட்டமே வேண்டாம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தோம், பலகையைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை எழுதிக் கொடுக்கவில்லை. உங்கள் ஊரில் அந்தத் தவறு நடக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் சாலை யாருடையது என்று பாருங்கள். ஊருக்குள் ஓடுகிறது என்பதற்காக அது நகராட்சிச் சாலை ஆகிவிடாது. பல ஊர்களில் மெயின் ரோடு மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கும், சில இடங்களில் தேசிய நெடுஞ்சாலையாகவே இருக்கும். எங்கள் சங்கம் இரண்டு மாதம் தவறான அலுவலகத்துக்கு மனு கொடுத்துக்கொண்டிருந்தது.

அப்புறம் காகிதம். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு போடுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "திட்டம் பற்றிய எல்லா விவரமும் தருக" என்று எழுதினால் ஒன்றும் கிடைக்காது. விரிவான திட்ட அறிக்கை, சாலையின் குறுக்குவெட்டு வரைபடம், பணி ஆணை, வேலை முடிக்க வேண்டிய தேதி, எந்தப் பகுதியை எப்போது தோண்டுவார்கள் என்ற அட்டவணை, முடிந்தபின் சாலையின் மட்டம் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். டெண்டர் விட்டாகிவிட்டது என்றால் தமிழ்நாடு அரசின் டெண்டர் இணையதளத்திலும் தேடிப் பாருங்கள், ஆவணங்களைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசும் கடைக்காரரை அதிகாரிகள் நடத்தும் விதமே வேறு.

இனிச் சொல்வது பலருக்குக் கசக்கும். கூட்டத்துக்குப் போவதற்கு முன் ஒரு டேப்பை எடுத்து உங்கள் கடைப் படியை அளந்துவிடுங்கள். வடிகால்மேல் போட்ட சிலாப், ரோட்டுக்கு நீண்ட தகர ஷெட், நடைபாதையில் வைத்த ஸ்டாண்டு, இதெல்லாம் ஆக்கிரமிப்புதான், இருபது வருடமாக இருக்கிறது என்பது பதில் ஆகாது. நகர நில அளவைப் பதிவேட்டில் தெருவின் அகலம் எவ்வளவு என்று பார்த்து, நீட்டியதை நாமே உள்ளே இழுத்துவிட்டால் அதிகாரியிடம் வேறு ஆயுதம் இல்லை. இழுக்காமல் போனால் முதல் கேள்வியே அதுதான், அதோடு கூட்டம் முடிந்துவிடும்.

அடுத்தது எண்ணிக்கை. "பார்க்கிங்கை எடுத்தால் வியாபாரம் செத்துவிடும்" என்று எல்லாரும் சொல்வோம். எத்தனை பேர் காரில் வருகிறார்கள் என்று எண்ணியது உண்டா? இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 2006-இல் கடைக்காரர்களைக் கேட்டபோது தங்கள் வாடிக்கையாளர்களில் நூற்றுக்கு 41 பேர் காரில் வருவதாகச் சொன்னார்கள், வாடிக்கையாளர்களையே கேட்டுப் பார்த்தால் 22 பேர்தான். நம் ஊரில் அந்த எண் வேறாக இருக்கும், பாதி பேர் டூவீலரில் வரலாம், பஸ்ஸில் வந்து நடந்து வருகிறவர்கள் நிறைய இருக்கலாம். அதனால்தான் எண்ணச் சொல்கிறேன். ஒரு சாதாரண நாள், ஒரு சனிக்கிழமை, ஒரு முகூர்த்த நாள் என்று மூன்று நாள், பத்துப் பன்னிரண்டு கடைகளில் பில் போடும்போதே "எதில வந்தீங்க?" என்று கேட்டு ஒரு நோட்டில் கோடு போட்டால் போதும். சரக்கு இறங்கும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அரிசிக் கடைக்கு விடிகாலையில் லாரி வரும், 26 கிலோ சிப்பத்தைத் தோளில் சுமந்து வருபவருக்கு லாரிக்கும் கடைக்கும் நடுவே ஐம்பது அடி கூடினால் அது கூலியில் தெரியும். மருந்துக்கடைக்கு நாளுக்கு மூன்று தடவை பெட்டி வரும். இது எதுவும் வரைபடம் போட்டவருக்குத் தெரியாது, அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது, நாம் சொன்னால்தானே தெரியும்.

சங்கக் கூட்டத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் கட்டட உரிமையாளர்கள்தான் பேசுவார்கள், தெரு அழகானால் வாடகை ஏறும் என்று அவர்களில் சிலருக்கு உள்ளூர மகிழ்ச்சிகூட இருக்கும். வாடகைக்கு இருப்பவர்களைத் தனியாக ஒரு நாள் கூட்டுங்கள். தள்ளுவண்டிக்காரர்கள், பூக்காரம்மாக்கள், தரைக்கடைக்காரர்கள் எல்லாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெரு வியாபாரிகளுக்கு 2014-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. இடம் மாற்றவோ அகற்றவோ முப்பது நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், தெருக்கடைகளுக்கு இடம் ஒதுக்குவது போன்றவற்றைக் கவனிக்கும் நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேராவது அவர்களாக இருக்க வேண்டும். சில ஊர்ச் சங்கங்கள் "நடைபாதைக் கடைகளை எடுத்தால் திட்டத்துக்குச் சம்மதம்" என்று பேரம் பேசுகின்றன. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பூ வாங்க வந்தவர்தான் நம் கடைக்குள்ளும் வருகிறார்.

இப்போது மனு. "திட்டத்தைக் கைவிடுக" என்ற ஒரு வரி மனு ஒரே வரிப் பதிலோடு திரும்பி வரும். எங்கள் கடைவீதி வேலை பாதியில் நின்று மறுபடி தொடங்கியபோது நாங்கள் எழுதிக் கொடுத்தவை இவை: தெருவின் ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கம். ஒரே தடவையில் நூறு மீட்டருக்கு மேல் தோண்டக் கூடாது, மூடிய பிறகுதான் அடுத்த நூறு. ஒவ்வொரு கடை வாசலிலும் இரண்டு பக்கம் கைப்பிடி வைத்த இரும்பு நடைபாலம். பாதாளச் சாக்கடை, குடிநீர்க் குழாய், மின் கேபிள் மூன்றுக்கும் சேர்த்து ஒரே தோண்டல். ஆடித் தள்ளுபடி தொடங்கினால் பொங்கல் வரை வாசலில் பள்ளம் இருக்கக் கூடாது. (இதில் தீபாவளிக்கு முந்தைய நாற்பத்தைந்து நாள் மட்டும்தான் கிடைத்தது. அதுவே பெரிய விஷயம்.) சரக்கு வண்டிக்குத் தனி நேரம். டெல்லி சாந்தினி சவுக்கில் செங்கோட்டையிலிருந்து ஃபத்தேபுரி மசூதி வரை சுமார் 1.3 கிலோமீட்டரைப் புதுப்பித்து 2021 செப்டம்பரில் திறந்தபோது காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டிகளுக்குத் தடை போட்டார்கள். அந்த மாதிரி விதி நம் தெருவுக்கும் வரும் என்றால் சரக்கு எப்போது வரும், இரவில் இறக்கும் சுமைத் தொழிலாளிக்குக் கூலி யார் தருவது என்பதை முன்னாலேயே பேசியாக வேண்டும்.

மனுவை வார்டு கவுன்சிலரிடம் கொடுங்கள், பகுதி சபைக் கூட்டத்தில் எழுந்து படியுங்கள், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்து ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள். ஒத்திகை கேளுங்கள். சென்னை பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறப்பதற்கு முன்பே தற்காலிகத் தடுப்பு வைத்துப் பார்த்தார்கள். இரண்டு வார இறுதிகளில் கயிறு கட்டிப் பார்த்தால் எந்த முனையில் ஆட்டோ சிக்கும், ஆம்புலன்ஸ் எங்கே திரும்பும் என்று இரண்டு தரப்புக்கும் கண்ணால் தெரிந்துவிடும். கடையடைப்பைக் கடைசிக்கு வையுங்கள், அது நம் கல்லாவைத்தான் முதலில் அடைக்கும்.

பட்டா நிலத்தைக் கேட்கிறார்கள் என்றால் கதை வேறு. நோட்டீஸில் ஆட்சேபம் தெரிவிக்கக் கொடுத்துள்ள கெடுவை ஒரு நாள்கூடத் தவறவிடாமல் எழுத்தில் பதில் கொடுங்கள், அன்றே வக்கீலைப் பாருங்கள். திட்டம் நல்லதா கெட்டதா என்று உயர் நீதிமன்றம் பொதுவாக உள்ளே போகாது, நோட்டீஸ் கொடுக்காமல் இடித்தார்களா, கையகப்படுத்தாமல் நிலத்தை எடுத்தார்களா என்றுதான் பார்க்கும்.

வேலை தொடங்கியதும் தினமும் ஒரே இடத்தில் நின்று தேதியோடு ஒரு போட்டோ எடுங்கள். மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கைப் போன வருட இதே மாதத்தோடு ஒப்பிட்டு வையுங்கள், விற்பனை விழுந்தது என்று வாயால் சொல்வதைவிட அந்தத் தாள் பேசும். இன்னொன்று, எல்லாவற்றுக்கும் முன்னால், முதல் பொக்லைன் வருவதற்கு முந்தைய நாளாவது செய்ய வேண்டியது: கடைச் சுவரில் இப்போதைய ரோட்டு மட்டத்தைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, தேதி எழுதி, பக்கத்துக் கடைக்காரரை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போட்டுவிட்டுப் போனால் ஐப்பசி மழையில் தண்ணீர் நம் கடைக்குள்தான் வரும். எங்கள் வரிசையில் கோடு போட்டு வைத்திருந்தது நான்கு கடை. ஒப்பந்ததாரர் திரும்பி வந்து மட்டத்தைச் சரிசெய்து கொடுத்ததும் அந்த நான்கு கடை வாசலில்தான்.