நீலப் புள்ளியின் பின்னால் போகாதீர்கள்: வெளிநாட்டில் நடந்து ஊர் பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

வெளிநாட்டில் குடியேறிய முதல் மாதம் தினமும் வேலைக்கு நடந்தே போய் வந்தேன். 20 நிமிட நடைதான். ஒரு மாலை வீடு திரும்பும்போது பாதி வழியில் போன் அணைந்துவிட்டது. அடுத்த தெருமுனையில் இடமா வலமா என்று தெரியாமல் நின்றபோதுதான் உறைத்தது: இத்தனை நாளும் நடந்தது நான், வழி பார்த்தது போன்.

புதிதாக வருகிறவர்களின் முதல் தவறு இதுதான். மேப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. கிளம்பும் முன் வீட்டிலேயே ஒரு முறை அகலமாகப் பாருங்கள். ஆறு எந்தப் பக்கம், ரயில் பாதை எங்கே குறுக்கிடுகிறது, பெரிய சாலை எந்தத் திசையில் ஓடுகிறது. இந்த மூன்றும் மனதில் இருந்தால் போனைப் பையில் போட்டுவிட்டு நடக்கலாம். சந்தேகம் வந்தால் ஓரமாக ஒதுங்கி எடுத்துப் பாருங்கள். நடைபாதையின் நடுவில் நின்று போனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவர் ஊருக்குப் புதுசு என்பது, அதைப் பறித்துக்கொண்டு ஓடக் காத்திருப்பவனுக்கும் தெரியும்.

தவிர, மேப்பில் நாம் நிற்கும் இடத்தைக் காட்டும் அந்த நீலப் புள்ளியும் சத்தியவான் அல்ல. உயரமான கட்டடங்களுக்கு நடுவே செயற்கைக்கோள் சிக்னல் சுவர்களில் பட்டுத் தெறித்து வருவதால், புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவிவிடும். நீங்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்று சொல்வது போனுக்குள் இருக்கும் திசைகாட்டி. பக்கத்தில் இரும்பு அதிகமிருந்தால் அது குழம்பும். சுரங்க ரயிலிலிருந்து மேலே ஏறி வந்ததும் பலருக்குத் திசை தப்புவது இதனாலும்தான். எந்த வாசலில் ஏற வேண்டும் என்று முன்பே குறித்துக்கொள்ளுங்கள். டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்துக்கு 200-க்கும் மேல் வாசல்கள். தப்பான வாசலில் ஏறினால் தண்டவாளங்களுக்கு அந்தப் பக்கம் போய் நிற்பீர்கள். வெயில் இருந்தால் சூரியனே போதும், ஆனால் அதிலும் ஒரு சிக்கல்: நண்பகலில் லண்டனில் அது தெற்கே நிற்கும், சிட்னியில் வடக்கே.

அடுத்தது சாலையைக் கடப்பது. இதில் மட்டும் சலுகையே கிடையாது. வண்டிகள் இடப்பக்கம் ஓடும் நாட்டில் வளர்ந்தவர் சாலையில் இறங்கும்போது தன்னையறியாமல் முதலில் வலப்பக்கம்தான் பார்ப்பார். வலப்பக்கம் ஓடும் நாட்டில் முதல் வண்டி இடப்பக்கத்திலிருந்து வரும். மூளைக்கு இது தெரியும், கழுத்துக்குத் தெரியாது. லண்டனில் பல இடங்களில் ‘வலப்பக்கம் பார்’ என்று தரையிலேயே பெரிதாக எழுதியிருப்பார்கள். எழுதாத ஊரில் இரண்டு பக்கமும் இரண்டு தடவை பார்ப்பதுதான் வழி. ஒருவழிச் சாலையிலும் அப்படியே. எதிர்த்திசையில் சைக்கிளுக்கும் பஸ்ஸுக்கும் மட்டும் தனித் தடம் இருக்கக்கூடும்.

நடப்பவருக்குப் பச்சை விழுந்ததும் கண்ணை மூடிக்கொண்டு இறங்கவும் கூடாது. அமெரிக்காவின் பெரும்பாலான இடங்களில் சிவப்பு விளக்கிலும் கார் நின்று பார்த்து வலப்பக்கம் திரும்பலாம். அந்த ஓட்டுநரின் கண் இடப்பக்கமிருந்து வரும் வண்டிகள் மேல் இருக்கும். வலப்பக்கம் இறங்கும் உங்கள் மேல் இருக்காது. ஆம்ஸ்டர்டாமில் நடைபாதையை ஒட்டிய செந்நிறத் தளம் சைக்கிள் பாதை, அதில் நின்று போட்டோ எடுத்தால் மணியடித்தே விரட்டுவார்கள். சிங்கப்பூரில் கடக்கும் இடத்திலிருந்து 50 மீட்டருக்குள் குறுக்கே போவது குற்றம். நியூயார்க் நகரமோ சாலையை எங்கும் குறுக்கே கடப்பதைக் குற்றமல்ல என்று 2024-இல் ஆக்கிவிட்டது. ஆகவே போன ஊரின் பழக்கத்தை அடுத்த ஊருக்குச் சுமந்து போகாதீர்கள்.

முகவரியிலும் இதே கதைதான். மன்ஹாட்டனில் தெருக்களுக்கு எண்தானே, சுலபம் என்று கிளம்பி, கிழக்கா மேற்கா என்பதைக் கவனிக்காமல் விட்டால் ஐந்தாம் அவென்யூவுக்கு மறுபக்கம் போய் முடியும். டோக்கியோவில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. வட்டாரம், பிளாக், கட்டடம் என்று எண்களாகத்தான் தேட வேண்டும். வெனிஸில் கதவு எண் தெருவுக்குத் தெரு ஒன்றிலிருந்து தொடங்காது, ஒரு பகுதி முழுக்க ஓடும். காஸ்தெல்லோ என்ற பகுதியில் 6,000-ஐத் தாண்டிவிடும். எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே ஒன்றும் செய்ய முடியாது, போகும் இடத்துக்குப் பக்கத்துச் சதுக்கத்தின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தூரத்தைத் திரையில் அளப்பதும் ஏமாற்றும். சான் பிரான்சிஸ்கோவில் ஃபில்பர்ட் தெருவின் ஒரு துண்டு 31.5 சதவீத ஏற்றம்: கிடைமட்டமாக 100 அடி போனால் 31 அடிக்கு மேல் ஏறியிருப்பீர்கள். மேப்பில் அது வெறும் நேர்கோடு. சைக்கிள் வழியைத் தட்டிப் பார்த்தால் ஏற்ற இறக்கம் தெரியும். புது ஷூவை இப்படி மேடேறி நடக்கும் நாளில் சோதித்துப் பார்க்காதீர்கள், அவ்வளவுதான்.

திரும்பி வருவதைக் கணக்கில் வைக்காமல் போவது கடைசித் தவறு. கால் வலிக்கத் தொடங்கும் இடத்தில் திரும்பினால் இன்னும் அதே தூரம் மிச்சமிருக்கும். டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் பிற்பகல் 3 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். குளிரில் போன் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். வீட்டு முகவரியை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். அப்புறம், போகிற வழியில் அவ்வப்போது நின்று திரும்பிப் பாருங்கள். எதிர்த்திசையிலிருந்து பார்த்தால் அதே தெரு வேறு தெரு போல இருக்கும்.

போன் அணைந்த அந்த மாலை, வழி கேட்டுக் கேட்டு எப்படியோ எங்கள் தெருவுக்குப் பின்னாலிருந்த சந்தில் வந்து சேர்ந்தேன். நான் குடியிருந்த கட்டடத்தை இரண்டு முறை தாண்டிப் போனேன். அதன் முதுகை அதுவரை பார்த்ததே இல்லை.