ஜன்னலோரப் பழைய சிலிக்கானை உரிக்க

மழை பெய்தால் அலுமினிய ஜன்னல் ஓரமாகத் தண்ணீர் கசிகிறதா? இடுக்கை அடைக்கப் பூசிய பழைய சிலிக்கான் பசை மேலேயே புதிதாக ஒரு கோடு இழுத்துவிடாதீர்கள். காய்ந்த சிலிக்கான் மேல் புதுசு சரியாக ஒட்டாது. நானும் ஒருமுறை அப்படிப் பூசி, அடுத்த மழையிலேயே சுவர் ஊறிப்போனதைப் பார்த்தவன்தான்.

கட்டர் பிளேடால் ஃபிரேம் பக்கம் ஒரு கீறல், சுவர் பக்கம் ஒரு கீறல். பிளேடு படுத்தவாக்கில் இருக்கட்டும். அப்புறம் ஒரு முனையை நெம்பி மெதுவாக இழுத்தால், ரப்பர் நாடா மாதிரி நீளமாக உரிந்து வரும். ஒட்டியிருக்கும் மிச்சத்தைச் சுரண்டப் பழைய ஏடிஎம் கார்டு போதும். இரும்புப் பட்டை ஃபிரேம் மேலிருக்கும் பவுடர் கோட்டிங் பூச்சைக் கீறிவிடும். தின்னர் வேண்டாம், யுபிவிசி (பிளாஸ்டிக்) ஜன்னல் என்றால் கண்டிப்பாக வேண்டாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தால் பிசுக்கு போய்விடும்.

சுவர் பக்கத் தூசியை பிரஷ்ஷால் தட்டி, நன்றாக உலர்ந்த பிறகே புது சிலிக்கான். 24 மணி நேரமாவது தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும்: ஸ்லைடிங் ஜன்னலின் கீழ் டிராக்கில், வெளிப்பக்கம் இருக்கும் சின்னத் துளைகளை அடைத்துவிடாதீர்கள். உள்ளே தேங்கும் மழைத் தண்ணீர் வெளியேறும் வழியே அதுதான்.