பாதியில் நிற்கும் கோர் வரைபடம்: ஆர்ம் லினக்ஸில் கண்டறிந்து திருத்தும் முறை

ஆர்ம் செயலியில் எந்தக் கோர் எந்தக் கிளஸ்டரை, அதாவது எந்தக் கோர் குழுவைச் சேர்ந்தது என்பதை வன்பொருளிடமே கேட்டறிய நம்பகமான வழி இல்லாததால், லினக்ஸ் கர்னல் ஃபர்ம்வேர் (வன்பொருளோடு வரும் அடிப்படை மென்பொருள்) எழுதித் தருவதையே நம்புகிறது. சிறு போர்டுகளில் அது டிவைஸ் ட்ரீ என்னும் வன்பொருள் விவரக் கோப்பு. சர்வர்களில் 2017இல் ஏசிபிஐ என்னும் ஃபர்ம்வேர் தரத்தின் 6.2 பதிப்பு கொண்டுவந்த பிபிடிடி அட்டவணை. முன்பு எம்பிஐடிஆர் என்னும் செயலிப் பதிவேட்டின் எண்களைப் பார்த்துக் கர்னல் ஊகித்துக்கொண்டது. அவை உண்மையான அமைப்பைக் காட்டும் என்பதற்கு உறுதி இல்லாததால் 5.10 பதிப்பில் அந்த வழக்கம் கைவிடப்பட்டது.

விவரம் அரைகுறையாக இருந்தால் இருப்பதை வைத்துச் சமாளிக்கும் என்று எண்ண வேண்டாம். டிவைஸ் ட்ரீயின் சிபியூ-மேப் பகுதியில் ஒரே ஒரு கோர் விடுபட்டாலும், கர்னல் அதுவரை படித்த வரைபடம் முழுவதையும் வீசிவிட்டு, ஒவ்வொரு கோரையும் தனித்தனியாக எண்ணி, நியூமா (நினைவகம் பல பகுதிகளாகப் பிரிந்த அமைப்பு) இல்லாத போர்டில் எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜில், அதாவது ஒரே சிப்பில் போட்டுவிடும். தவறான பாதி வரைபடத்தைவிட வரைபடமே இல்லாதது மேல் என்ற இந்த முடிவு சரியானதே. ஆனால் அது சத்தமில்லாமல் நடப்பதுதான் தொல்லை.

நான்கு சிறிய ஏ53 கோர்களும் இரண்டு பெரிய ஏ72 கோர்களும் கொண்ட ராக்சிப் ஆர்கே3399 போர்டை எடுத்துக்கொள்வோம். முதலில் கர்னல் தன் விவரங்களைக் காட்டும் சிஸ் (/sys) கோப்பகத்தில் ஒவ்வொரு சிபியூவின் டோபாலஜி அடைவுக்குள் உள்ள கிளஸ்டர் ஐடி கோப்பைப் படியுங்கள். 6.0 முதலான கர்னல்களில் அதில் -1 இருந்தால் வரைபடம் கர்னலிடம் சேரவில்லை. எல்எஸ்சிபியூ (lscpu) கட்டளை காட்டும் சாக்கெட் எண்ணிக்கையை மட்டும் நம்பிவிடாதீர்கள், 6.0க்கு முந்தைய கர்னல்கள் கிளஸ்டரையே சாக்கெட்டாகக் கணக்கிட்டதால், ஒரே சிப் உள்ள இந்தப் போர்டு அவற்றில் இரண்டு சாக்கெட்டாகத் தெரியும்.

அடுத்து, இயங்கும் டிவைஸ் ட்ரீயை டிடிசி (dtc) என்னும் டிவைஸ் ட்ரீ தொகுப்புக் கருவியால் உரைவடிவாக்கி, சிபியூ-மேப்பில் உள்ள பெயர்களின் வரிசையைச் சரிபாருங்கள். கர்னல் கோர்0, கோர்1 என்று பூஜ்ஜியத்திலிருந்து வரிசையாகத் தேடி, இல்லாத முதல் எண்ணிலேயே தேடலை நிறுத்திவிடுகிறது. ஏ72 கிளஸ்டரில் கோர்0க்குப் பிறகு கைப்பிழையாகக் கோர்2 என்று எழுதியிருந்தால், அந்த இரண்டாவது ஏ72 கண்ணெதிரே இருந்தும் படிக்கப்படாது. எண்ணைத் திருத்துங்கள், ஒவ்வொரு கோரும் தனக்குரிய சிபியூ கணுவை (டிவைஸ் ட்ரீயில் அந்த சிபியூவை விவரிக்கும் பகுதியை) சுட்டுகிறதா என்று பாருங்கள்.

கோர்களின் திறன் மதிப்புக்கும் இதே கண்டிப்பு உண்டு. ஆர்கே3399இல் ஏ53க்கு 485, ஏ72க்கு 1024 என்று குறிக்கப்பட்டிருக்கும். ஒரு கணுவில் அந்த வரி இல்லையென்றால் எல்லாக் கோர்களுக்கும் 1024 என்று வைத்துக்கொள்வதாக டிமெஸ்க் (dmesg) என்னும் கர்னல் செய்திப் பதிவில் எச்சரிக்கை வரும். பிறகு வேலைகளைக் கோர்களுக்குப் பிரித்துத் தரும் ஷெட்யூலருக்குச் சிறிய கோரும் பெரிய கோரும் ஒன்றுதான். கனமான வேலை ஏ53இல் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

பழைய டிடிபி கோப்பின் (தொகுக்கப்பட்ட டிவைஸ் ட்ரீயின்) நகலை வைத்துக்கொண்டு, திருத்தியதைத் தொகுத்து, போர்டை மறுதொடக்கம் செய்யுங்கள். இப்போது முதல் நான்கு சிபியூக்களில் ஒரு கிளஸ்டர் எண்ணும், கடைசி இரண்டில் வேறோர் எண்ணும் தெரிய வேண்டும்.