கேள்வி கேட்காத பாலிசியில் கையெழுத்துப் போடும் முன்

எனக்கு எச்ஐவி இருப்பது தெரிந்து ஒன்பது வருடம் ஆகிறது. மாத்திரை ஒருநாளும் தவறியதில்லை, வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, 50-க்குக் கீழேதான் நிற்கிறது. இருந்தும் ஒருமுறை நிமோனியா வந்து ஏழு வாரம் படுத்துவிட்டேன். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கென்றே குறுகிய கால வருமானக் காப்பீடு எடுத்து வைத்திருந்தேன். அதிலிருந்து ஒரு காசு வரவில்லை.

காரணம் ஆறாம் பக்கத்தில் இருந்தது. 'ஏற்கெனவே உள்ள நோய்க்கும் அது தொடர்பான நோய்க்கும் பொருந்தாது.' அந்தத் 'தொடர்பான'வுக்குள் என் நிமோனியாவையும் அடக்கிவிட்டார்கள். வாங்கும்போது உடம்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அப்பாடா என்று கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அதனால் கேள்வி கேட்காத பாலிசி என்றால் முதலில் விலக்குப் பகுதியைப் படியுங்கள். அப்புறம் எழுதிக் கேளுங்கள்: நிமோனியா, காசநோய், மன அழுத்தம், மாத்திரையின் பக்கவிளைவு, எலும்பு முறிவு, இவற்றில் எதற்குப் பணம் தருவீர்கள்? உங்கள் பெயரைச் சொல்லாமலும் கேட்கலாம். போனில் சொன்னால் போதாது, பதில் எழுத்தில் வரட்டும்.

படிவத்தில் எச்ஐவி பற்றிக் கேட்டால் மறைக்காதீர்கள். பிறகு தெரியவந்தால் கால் உடைந்ததற்குக்கூடத் தர மறுக்கலாம். சமீபத்திய வைரல் லோடு, சிடி4 (நோய் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை) அறிக்கைகள், சிகிச்சை தொடங்கிய தேதி, டாக்டர் கடிதம் எல்லாம் கையில் இருக்கட்டும். விண்ணப்பிக்கும் முன்பே வாய்ப்பு உண்டா என்று விசாரித்துவிடுங்கள். ஏனென்றால் 'இதற்குமுன் யாராவது மறுத்தார்களா?' என்று அடுத்த படிவம் கேட்கக்கூடும்.

வேலை செய்யும் இடத்தில் குழுக் காப்பீடு இருக்கிறதா என்றும் பாருங்கள். சிலவற்றில் மருத்துவக் கேள்வியே இருக்காது. ஆனால் க்ளைம் படிவத்தை அலுவலகத்தில் யார் பார்ப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் போக முடியாமல் நின்ற நாளிலிருந்து பணம் வரத் தொடங்கும் வரையான காத்திருப்புக் காலம் கூடினால் பிரீமியம் குறையும். சம்பளத்தோடு கூடிய விடுப்பும் சேமிப்பும் எத்தனை வாரம் தாங்குமோ அத்தனை வாரம் வையுங்கள். பணம் வந்தாலும் சம்பளத்தில் ஒரு பங்குதான், அதுவும் பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்துக்குத்தான்.

என் இப்போதைய பாலிசியிலும் எச்ஐவிக்கு விலக்கு உண்டு. தெரிந்தேதான் எடுத்தேன். போன வருடம் மணிக்கட்டு முறிந்தபோது நான்கு வாரக் காத்திருப்புக்குப் பிறகு பணம் வந்தது. இன்னொரு நிமோனியா வந்தால் சமாளிக்க மூன்று மாதச் செலவைத் தனியே சேர்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு மாதத்துக்குச் சேர்ந்துவிட்டது.