வீட்டில் கட்டும் ஸ்போர்ட்ஸ் காரின் சேஸிஸுக்கு எந்த உலோகம்?

1957-இல் வெளிவந்த லோட்டஸ் செவன் என்ற சிறிய திறந்த ஸ்போர்ட்ஸ் காரின் வகையிலான கார்களை இங்கிலாந்தில் வீட்டிலேயே கட்டுபவர்கள் பெரும்பாலும் 25 மில்லிமீட்டர் சதுரமும் 1.6 மில்லிமீட்டர் சுவர்த்தடிமனும் கொண்ட மைல்டு ஸ்டீல் (கரிமம் குறைந்த சாதாரண எஃகு) குழாய்களையே சேஸிஸுக்கு, அதாவது காரைத் தாங்கும் சட்டகத்துக்கு, பயன்படுத்துகிறார்கள். முதன்முறை கட்டுபவருக்கு இதைவிட நல்ல தேர்வு இல்லை என்பதே என் கருத்து. கம்பியை ஊட்டிப் பற்றவைக்கும் மிக் வெல்டிங்கில் எளிதாக இணையும், பிழை நேர்ந்தால் அறுத்துவிட்டு மீண்டும் பற்றவைக்கலாம்.

குரோமியமும் மாலிப்டினமும் கலந்த, குரோமோலி எனப்படும் 4130 எஃகை நாடுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேஸிஸுக்கு முதலில் தேவைப்படுவது முறுக்கத்தை எதிர்க்கும் விறைப்பு. அதில் எஃகு வகைகளிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, எல்லாவற்றுக்கும் விறைப்பின் அளவான மீள்குணகம் சுமார் 200 கிகாபாஸ்கல். குரோமோலியின் வலிமை அதிகம் என்பது உண்மையே; ஆனால் அந்த வலிமையை நம்பிக் குழாயின் சுவரை மெலிதாக்கினால், எடையோடு விறைப்பும் சேர்ந்தே குறையும். குரோமோலிக்குச் செலவிடும் பணத்தைச் சேமித்து, சட்டகத்தின் திறந்த சதுரங்களை மூலைவிட்டக் குழாய்களால் முக்கோணங்களாக்குவது மேல்.

அலுமினியத்தின் அடர்த்தி எஃகினுடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, விறைப்பும் அவ்வளவே. 6061-டி6 என்ற, வெப்பப் பதப்படுத்தலால் வலுவூட்டிய அலுமினியக் கலவையைப் பற்றவைத்தால் இணைப்பைச் சுற்றிய பகுதி வெப்பத்தால் வலிமை இழக்கும். 1996-இன் லோட்டஸ் எலீஸில் அலுமினியப் பகுதிகள் எபாக்சிப் பசையால் ஒட்டப்பட்டன. ஆனால் அதற்கான பரப்புத் தயாரிப்பு தொழிற்சாலைக்குரியது. வீட்டில் அலுமினியத்தைத் தரைத்தகடாக ரிவெட் அடிக்கலாம், எஃகைத் தொடும் இடங்களில் அரிப்பைத் தடுக்க சீலண்ட் பூசிய பின்னரே.